புற்றுநோய்ச் சிகிச்சைக்குப்பின் பல்லும் முரசும்

பல்லுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் உளர். வினவுதல் இயல்பே. ஒருவருக்குப் புற்றுநோய் கண்டிருக்கிறது என்று அறிந்தவுடன் வீட்டார் அவர் உயிரைப்பற்றிக் கவலைப்படுவரேயன்றிப் பல்லைப்பற்றி எண்ணார். உயிர் நின்றால் போதும், பல் போனாற் போகட்டும் என்பதே அவ்வேளையில் யாவருக்கும் தோன்றுவது. ஆயினும் சிகிச்சை முடிந்து, நோய் நீங்கி, ஐந்தாண்டோ பத்தாண்டோ நலமாக வாழ்ந்த ஒருவர், நோவெடுத்த கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்குவித்த காரணத்தினால் தாடையென்பு பட்டுப்போய் மீண்டும் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்க நேர்வதுண்டு. புற்றுநோயை வென்றவர் பல்லினாலே துன்புறுவது தடுக்கத்தக்க துன்பம் ஆகும். எவ்வாறு தடுக்கலாம் என்பதையும், அதற்கு முன் அது ஏன் நிகழ்கிறது என்பதையும் இம்மலரிலே எடுத்துரைக்க விரும்புகின்றேன். முன்னதைப் பழைய மாணவராகிய பெரியோரும், பின்னதை இன்று உயிரியல் கற்கும் மாணவரும் உவந்து வாசிப்பர் என்பது என் நம்பிக்கை.

நம் நாட்டவர்க்கு இப்பொருள் பிறநாட்டவரைவிட அணித்தானது. இலங்கையிலே ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் பல ஆண்டுகளாக முன்னணியில் நிற்பது. அதற்குப் பெருங்காரணம் வெற்றிலைத் தட்டமே. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலையும் பாக்குந்தான்” என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வோர் ஊர்தோறும் இருக்கின்றனர். பிரான்சு தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும் தாமே புற்றுநோயை விளைவிப்பன என்று ஐயத்துக்கிடமின்றி வகுத்துக் கூறியது. யாழ்ப்பாணத்துப் புகையிலை மலையாள நாட்டுக்குத் தோணியேறிய காலத்தில் நம் குடாநாட்டுச் செல்வம் பெரிதும் அதனாலே வளர்ந்தது. அச்செல்வத்தின் மறுபக்கக் கணக்கை மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைகளிலே காணலாம். வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை செய்யும்பொழுது தாடையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கதிரின் பாதையிற் படுகின்றன. இக்கட்டுரையிற் பெரும்பகுதி அத்தகையோரைக் குறித்ததே.

உமிழ்நீரைத் துப்பல் என்று இழிவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அதன் அருமை அது வற்றியபின்னரே தெரியவரும். ஆரோக்கியமான ஒருவருடைய வாயிலே நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கின்றது. காதின் முன்னே கன்னத்தில் ஒரு சோடி, கீழ்த்தாடையின் அடியில் ஒரு சோடி, நாக்கின் கீழ் ஒரு சோடி என ஆறு பெருஞ் சுரப்பிகளும், உதடு கன்னம் அண்ணம் எங்கும் பரந்த எண்ணிறந்த சிறு சுரப்பிகளும் அதனைத் தருவன. உண்ணும்பொழுது பெருகுவது பெரும்பாலும் கன்னச் சுரப்பியின் நீர். சும்மா இருக்கும்பொழுதும் வாயை ஈரமாக வைத்திருப்பது பெரும்பாலும் தாடையடிச் சுரப்பியின் நீர்.

இந்நீர் செய்யும் தொழில் யாது? உணவைக் குழைத்து விழுங்கச் செய்வது அதன் வெளிப்படையான தொழில். பல்லைக் காப்பது அதன் மறைவான தொழில். பல்லின் வெண்மையான வெளிமூடியாகிய மிளிரி, கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த ஒருவகைப் பளிங்கு. உடம்பில் அதனினும் உரமான பொருள் வேறில்லை. எனினும் அமிலத்தின் முன் அதன் உரம் செல்லாது. நாம் சீனி சேர்ந்த எதையேனும் உண்டவுடன், பல்லிற் படிந்திருக்கும் பற்றீரியாக்கள் அதனை அமிலமாக்குகின்றன. சில நிமிடங்களுக்குள் பல்லின் மேற்பரப்பிலே பீ.எச். பெறுமானம் 5.5 இலும் கீழிறங்குகின்றது. அந்த எல்லைக்குக் கீழே மிளிரி கரையத் தொடங்கும். முரசு இறங்கியதனால் வெளித்தெரியும் பல்வேரோ இன்னும் மென்மையானது. பீ.எச். 6 ஐச் சற்றுத் தாண்டி நிற்கையிலேயே அது கரையத் தொடங்கிவிடும். உமிழ்நீர் அங்கே விரைந்து வந்து, தன்னிலுள்ள இருகாபனேற்றினால் அமிலத்தைத் தணித்து, தன்னிற் கரைந்துள்ள கல்சியத்தையும் பொசுபேற்றையும் இழந்த இடத்திலே மீளவும் படியச் செய்கின்றது. அரைமணி முதல் ஒருமணி நேரத்துள் கணக்குச் சரியாகின்றது. நாள்தோறும் பலமுறை நம் வாயில் இவ்வாறு அழிவும் ஆக்கமும் மாறிமாறி நிகழ்கின்றன என்பதை நம்மிற் பலர் அறியார்.

இனிக் கதிர்ச்சிகிச்சைக்கு வருவோம். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு வழமையாகக் கொடுப்பது நாளொன்றுக்கு 2 கிரே வீதம், கிழமைக்கு ஐந்து நாளாக, ஆறேழு கிழமைகள். மொத்தம் 60 முதல் 70 கிரே. கதிரினால் விரைந்து தாக்கப்படுவன விரைந்து பிரியும் கலங்களே என்று மாணவர் பாடநூலிற் படிப்பர். உமிழ்நீர்ச் சுரப்பியின் கலங்களோ மெல்லப் பிரிவன. அவ்வாறிருந்தும் முதற் கிழமை முடியுமுன்னரே உமிழ்நீர் பாதியளவாகக் குறைந்துவிடுகின்றது. பாடநூல் விதிக்குப் புறம்பான இந்நிகழ்ச்சி ஆராய்ச்சியாளரை நெடுங்காலம் மயக்கியதொன்று. சிகிச்சை முடிவிலே எஞ்சுவது சிறிதளவான, தடித்த, நூல்போல இழுபடும் நீர். கன்னச் சுரப்பி பெற்ற சராசரிக் கதிரளவு 26 கிரேக்கு உட்பட்டிருந்தால் ஓரிரு ஆண்டுகளிற் பெரும்பாலும் மீளும். மிகுந்திருந்தால் மீள்வது அரிது. இதனை அறிந்தே, கதிரின் செறிவை இடத்துக்கிடம் மாற்றிச் சுரப்பியைத் தவிர்த்துச் செலுத்தும் புதிய முறை வகுக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றிலே, சிகிச்சை முடிந்து ஓராண்டின்பின் பழைய முறையிற் கதிர் பெற்றோருள் நூற்றுக்கு 74 பேர் வாய்வறட்சியால் வருந்தினர். புதிய முறையிலோ அத்தொகை 38 ஆயிற்று. பெரிய முன்னேற்றந்தான். எனினும் நூற்றுக்கு 38 என்பதும் சிறு தொகையன்று.

வறண்ட வாயிலே பல்லுக்கு நேர்வது வழமையான சூத்தையன்று. வழமையான சூத்தை கடைவாய்ப்பல்லின் குழிகளிலும் இரு பல் நெருங்கும் இடங்களிலும் தொடங்கும். கதிர்ச்சூத்தையோ முரசோடு ஒட்டிய பல்லின் கழுத்திலே வளையம்போலத் தொடங்கும். சாதாரணமாகச் சூத்தையே காணாத கீழ்முன்பற்களையும், கடிக்கும் விளிம்புகளையும் அது விட்டுவைப்பதில்லை. சிகிச்சை முடிந்து சில மாதங்களுள் பழுப்பு நிறமாகத் தோன்றி, ஓரிரு ஆண்டுகளுள் பல்லைச் சுற்றி அரித்து, ஒருநாட் காலை பாண் துண்டைக் கடிக்கையில் பல்லின் மேற்பாகம் அப்படியே ஒடிந்து கையில் வந்துவிடும். இதிலே கொடிது யாதெனின், பெரும்பாலும் நோவு இராது. நோவின்மையால் நோயாளி தாமதிப்பார். தாமதத்தால் வேர் மாத்திரம் தாடையில் எஞ்சும். அவ்வேரைப் பிடுங்கும் பொழுதுதான் முற்கூறிய பேரிடர் வாசலில் வந்து நிற்கும்.

இச்சூத்தையைத் தடுக்க முடியாதென்று ஒருகாலத்தில் எண்ணினர். கதிர் கொடுக்குமுன்னரே நல்ல பல்லையுங்கூட முழுவதும் பிடுங்கிவிடுவதே அக்காலத்துப் பலர் கைக்கொண்ட வழி. அமெரிக்காவிலே ஹியூஸ்ரன் நகரத்துப் புற்றுநோய் வைத்தியசாலையைச் சேர்ந்த பல்வைத்தியர்கள் அவ்வழக்கத்தை மாற்றினர். நோயாளியின் பல்வரிசைக்கு அளவெடுத்து மெல்லிய அச்சு ஒன்று செய்து, அதிலே நூற்றுக்கு ஒரு பங்கு சோடியம் புளோரைட்டுக் களியை நிரப்பி, நாள்தோறும் சில நிமிடம் பல்லில் அணியச் செய்தனர். 1977 ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஒழுங்காக அணிந்தோருக்குச் சூத்தை ஏறக்குறைய முற்றாகவே நின்றது. ஒழுங்காக என்னுஞ் சொல்லை வாசகர் கவனிக்கவேண்டும். ஒரு மாதம் அணிந்து மறுமாதம் விடுவதாற் பயன் இல்லை. உமிழ்நீர் மீளாதவரை, அஃதாவது பெரும்பாலும் ஆயுள்முழுவதும், அது நாட்கடன்போலச் செய்யப்படவேண்டும். அச்சு கிடையாதவிடத்துப் பத்து இலட்சத்தில் 5000 பங்கு புளோரைட்டு உள்ள பற்பசையை வைத்தியர் எழுதிக்கொடுப்பர். கடையில் விற்கும் சாதாரணப் பசையில் இருப்பது 1000 முதல் 1500 பங்கே. துலக்கியபின் நுரையைத் துப்பிவிடலாம். வாயை நீர்விட்டு அலசுதல் கூடாது. நாம் சிறுவயது முதல் கற்ற பழக்கத்துக்கு இது மாறானதாகையால் முதியோர் இதனை ஏற்கத் தயங்குவர். அலசினால் மருந்து முழுவதும் நீரோடு போய்விடும் என்று விளக்கினால் ஏற்பர்.

உமிக்கரியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோர் பல்லை உரமாக வைத்திருந்தன என்பதை மறுக்கவில்லை. கதிர்பட்ட வாய்க்கு அவை ஆகா. கரி பல்வேரை அராவும், குச்சி மென்மையுற்ற முரசைக் கிழிக்கும். நெகிழ்ந்த தூரிகையே வேண்டும்.

உணவு விடயத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. வாய் வறண்டவர் இயல்பாக எதையேனும் வாயில் அடக்கிக்கொள்ள விரும்புவர். அது கற்கண்டாகவோ பனங்கட்டித் துண்டாகவோ இருக்கும். தேநீரைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டு இடையிடையே பனங்கட்டியைக் கடிப்பது யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் நாம் வளர்ந்த வழக்கம். உமிழ்நீர் நிறைந்த வாய் அதனைத் தாங்கும். வறண்ட வாயிலோ ஒரு துண்டுப் பனங்கட்டி நாள்முழுவதும் அமிலத்தை வளர்க்கும். தேசிக்காய்ச் சாறும் தோடம்பழச் சாறும் உமிழ்நீரைத் தூண்டுவன என்பது மெய்யாயினும், தாமே அமிலமாகையால் அவற்றையும் அடிக்கடி பருகலாகாது. இவற்றுக்கு ஈடாகச் சீனியில்லாச் சூயிங்கம், அடிக்கடி ஒரு மிடறு நீர், இரவிலே தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் ஆகியன உதவும். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரிலே கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து நாளிற் பலமுறை கொப்பளித்தால் அமிலம் தணியும், தடித்த சளியும் அகலும். செலவற்ற மருந்தென்று இதனை எளிதாக எண்ணவேண்டா. பிறேசில் நாட்டுச் செடியொன்றிலிருந்து பெறப்படும் பைலோகாப்பின் என்னும் மருந்து எஞ்சிய சுரப்பியைத் தூண்டும். ஆனால் தொய்வு உள்ளவர்க்கும் கண்ணில் ஒருவகை அழுத்தநோய் உள்ளவர்க்கும் அது தகாது. வைத்தியர் கேளாமல் எடுக்கலாகாது.

முரசைப்பற்றி மக்களிடையே ஒரு தவறான அச்சம் உண்டு. கதிர்பட்ட முரசைத் தொட்டாற் புண்ணாகும் என்று பயந்து, தூரிகையும் வைக்காமல் பல்வைத்தியரிடமும் செல்லாமல் இருந்துவிடுகின்றனர். பல்லிற் கல்போலப் படியும் அழுக்கைப் பக்குவமாக அகற்றுவித்தல் தகாததன்று. அது வேண்டப்படுவதே. குருதியோட்டம் குறைந்த முரசிலும் என்பிலும் அழற்சி பற்றினால், பல்லைத் தாங்கும் என்பு கரைந்து பல் ஆட்டங்காணும். ஆடுகின்ற பல்லைப் பிடுங்கத்தானே வேண்டும்? ஆதலின் முரசைக் காப்பது தாடையைக் காப்பதாகும். மூன்று மாதத்துக்கொருமுறை பல்வைத்தியரைக் காணுதல் நன்று.

வாய் திறவாமை வேறொரு துன்பம். மெல்லுந் தசைகள் கதிரினால் நார்போல் இறுகுவதால் இது வரும். பாக்குத் தின்றோருக்குச் சிகிச்சைக்கு முன்னரே கன்னத்தின் உட்புறம் நார்த்தன்மை அடைந்திருப்பதால் அவர்க்கு இது இரட்டிப்பாகும். தம் விரல்கள் மூன்றை ஒன்றன்மேலொன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிகிறதா என்று கிழமைதோறும் பார்த்துக்கொள்ளலாம். 35 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது திறவாமையே. சிகிச்சை நடக்கும்பொழுதே நாள்தோறும் தாடைப் பயிற்சி தொடங்கவேண்டும். இறுகியபின் தளர்த்துதல் கடினம். வாய் திறவாதவருக்குப் பல்துலக்கவும் இயலாது, பல்வைத்தியர் கருவியை நுழைக்கவும் இயலாது. கட்டுப்பல் அணிவோர் இரவில் அதனைக் கழற்றிக் கழுவி வைக்கவேண்டும். வறண்ட வாயிற் பூஞ்சணம் பற்றி வெண்படையும் எரிவும் உண்டாவது பெரும்பாலும் கட்டுப்பல்லின் கீழேயாம். கீழ்த்தாடையிலே கட்டுப்பல் உராய்ந்து புண்ணானால் அதனை அணியாது விட்டு வைத்தியரிடம் செல்லவேண்டும். அப்புண்ணின் கீழே கிடப்பது கதிர்பட்ட என்பு.

கதிரின்றி மருந்தினால் மாத்திரம் சிகிச்சை பெற்றோர் நிலை இவ்வளவு கடுமையானதன்று. மருந்து ஏறிய ஒருகிழமையளவில் வாயெல்லாம் புண்ணாகும். வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நாட்களிலே முரசில் மறைந்திருந்த சீழ், உடம்பெங்கும் பரவி உயிருக்கே உலைவைக்கக்கூடும். குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்த நாட்களிலே பல்லைத் தொட்டாற் குருதி நில்லாது. ஆகையால் அந்நாட்களில் எந்தப் பல்வைத்தியமும் புற்றுநோய் வைத்தியரின் சொற்கேட்டே செய்யப்படும். புளோரோயூராசில் என்னும் மருந்தை விரைவாக ஏற்றும் வேளையில் அரைமணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிவைத்தால், வாயின் குருதிக்குழாய்கள் சுருங்கி மருந்து அங்கே குறைவாகச் செல்ல, புண்ணும் குறையும். இத்துணை எளிய உபாயம் ஆய்வுகளிலே தேறி நிற்பது வியப்பே. சிகிச்சை முடிந்தபின் இவர்களுட் பெரும்பாலோர்க்கு உமிழ்நீர் திரும்பும். ஆனால் ஐந்தாறு வயதுக்கு முன் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் செய்தி வேறு. தாடைக்குள்ளே உருவாகிக்கொண்டிருந்த நிலைப்பற்கள் சில தோன்றாமலே போகலாம், சில சிறுத்தோ குறுகிய வேருடனோ வரலாம். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகியும் ஒரு பல் முளைக்கவில்லையேயென்று கவலையுறும் பெற்றோர், பிள்ளை மூன்று வயதிற் பெற்ற சிகிச்சையைப் பல்வைத்தியருக்குச் சொல்ல மறந்துவிடுவர்.

இனித் தாடையென்பைக் கூறுவோம். கதிரினால் என்பு பட்டுப்போகும் இந்நிலையைப் பாரிஸ் நகரத்து றெகோ என்பார் 1922 ஆம் ஆண்டு விவரித்தார். றேடியமும் எக்சுக்கதிரும் அக்காலத்திலே மருத்துவத்துக்குப் புதியன. கதிர்பட்ட என்பிலே நுண்ணிய குருதிக்குழாய்கள் அடைபடுகின்றன. என்பை ஆக்குங் கலங்கள் அருகுகின்றன. பார்வைக்கு அந்த என்பு நலமாயிருக்கும், தன் நாளாந்த வேலையையும் செய்துகொண்டிருக்கும். புண் ஒன்று ஏற்படும்பொழுதுதான் அதனை ஆற்றும் வலி அதற்கில்லை என்பது வெளிப்படும். பல் பிடுங்குதல் என்பது என்பிலே வேண்டுமென்றே ஒரு புண்ணை ஆக்குவதன்றோ? நலமுள்ளவருக்கு அக்குழி சில கிழமைகளில் மூடும். கதிர்பட்டவருக்கு மூடாது நின்று, என்பு வெளித்தெரிந்து, சீழ் கட்டி, சிலருக்குத் தாடையே முறிவதுமுண்டு. மேற்றாடையிலும் கீழ்த்தாடையே இதற்குப் பெரிதும் இலக்காவது. அது நெருக்கமான என்பாகவும், பெரும்பாலும் ஒரே நாடியினால் ஊட்டப்படுவதாகவும் இருத்தலே காரணம். 60 கிரேக்கு மேற்பட்ட அளவு பெற்ற இடத்தில் ஆபத்து மிகும். காலஞ் செல்லச் செல்ல இந்த ஆபத்துத் தேய்ந்துபோகும் என்று பலர் நினைக்கின்றனர். அது பிழை. பத்தாண்டு கடந்தாலும் அது அங்கேயே இருக்கும்.

இதன்பொருட்டு ஒருகாலத்திற் பெரிதும் நம்பப்பட்டது அழுத்தமிகு ஒட்சிசன் அறை. மார்க்சு என்னும் அமெரிக்க அறுவை வைத்தியர், குருதியும் கலமும் ஒட்சிசனும் குறைந்த என்பு என்னுங் கொள்கையை 1983 இல் வெளியிட்டார். 1985 இல் அவர் குழுவினர் 74 நோயாளரை இரண்டாகப் பிரித்து, 37 பேருக்குப் பல் பிடுங்கும்பொழுது பெனிசிலினும், 37 பேருக்கு ஒட்சிசன் அறைச் சிகிச்சையும் அளித்தனர். முன்னவருள் 11 பேருக்கும் பின்னவருள் 2 பேருக்கும் மாத்திரம் என்பு பட்டுப்போயிற்று. உலகம் அதனை ஏற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியபின், 2019 இல் வெளியான மற்றோர் ஆய்விலே, பல் பிடுங்கவோ செயற்கை வேர் பதிக்கவோ இருந்த 100 பேரின் முடிவுகள் ஆராயப்பட்டன. ஒட்சிசன் பெற்ற 47 பேருள் மூவருக்கும், பெறாத 53 பேருள் மூவருக்கும் நோய் கண்டது. வேற்றுமை இல்லை. விஞ்ஞான மாணவர் இவ்விரு ஆய்வையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். ஒட்சிசன் பெறாதாருட்கூட நோய் நூற்றுக்கு முப்பதிலிருந்து ஆறாகக் குறைந்திருக்கின்றது. கதிர் செலுத்தும் முறை திருந்தியதும், கிருமிக்கொல்லி மருந்தும், பல்லைப் பக்குவமாக எடுக்குங் கைத்திறனும் சேர்ந்தே இக்குறைவைத் தந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. பெருஞ்செலவான அறையிலும் பார்க்க, காலத்தோடு செய்த கவனமான வேலையே பயன்றந்தது போலும்.

கதிரே படாதவருக்கும் தாடையென்பு பட்டுப்போகும் வழி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வெண்பொசுபரசு கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளரின் தாடைகள் அழுகின. 1888 இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தஞ் செய்ததனால் அந்நோய் உலகறிய வந்தது. 1906 இல் பேர்ண் நகரில் நாடுகள் கூடி வெண்பொசுபரசைத் தடுத்தன. பின் அந்நோயை வைத்தியர் மறந்தனர். மார்பகம், முன்னிற்குஞ்சுரப்பி முதலியவற்றின் புற்றுநோய் என்பிற் பரவியபொழுது என்பை உறுதிப்படுத்தக் கொடுக்கும் பிசுபொசுபனேற்று மருந்துகளைப் பெற்றோரிடத்து, ஏறக்குறைய அதே தோற்றமுள்ள நோயை 2003 ஆம் ஆண்டு 36 பேரிலே கண்டு அறிவித்தவரும் முற்கூறிய மார்க்சே. பொசுபரசு சிறிதும் இல்லாத டெனோசுமாப் என்னும் மருந்தும் அதனைச் செய்வது பின்னர்த் தெரிந்தது. இம்மருந்துகளைப் பெறுவோருள் நோய் காண்போர் பெரும்பாலான ஆய்வுகளில் நூற்றுக்கு ஐவருக்குக் குறைவே. அதற்காக மருந்தை நிறுத்துவது அறிவீனம். மருந்து தொடங்குமுன் பல்லைச் சீர்செய்துகொள்வதே வழி.

கதிர்ச்சிகிச்சைக்கும் அவ்வழியே பொருந்தும். நோய் இன்னதென்று உறுதியான அன்றே பல்வைத்தியரிடம் அனுப்பவேண்டும். காப்பாற்ற முடியாத பல்லை அப்பொழுதே எடுத்துவிட்டு, குழி மூடுவதற்கு இரண்டு கிழமையாவது விட்டுக் கதிரைத் தொடங்குவர். காப்பாற்றக்கூடியதை அடைத்துச் சுத்தஞ்செய்து வைப்பர். புற்றுநோய்ச் சிகிச்சை பல்லின்பொருட்டு நெடுநாள் தாமதிக்கலாகாது. ஆகவே அந்த இரண்டு கிழமையை யோசனையிலும் நல்லநாள் பார்ப்பதிலும் கழிக்கவேண்டா.

சிகிச்சை ஏற்கெனவே முடிந்தவர் செய்யத்தக்கது யாது? ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். எட்டாண்டுக்கு முன் நாக்கிலே புற்றுநோய்க்குக் கதிர் பெற்றவர். இன்று கீழ்க்கடைவாயில் நோவு. பக்கத்து ஊரிலுள்ள பல்வைத்தியரிடம் செல்கின்றார். வைத்தியர் வயதையும் நீரிழிவையும் கேட்கின்றார். ஆசிரியர் கேட்டதற்கு விடை கூறுகின்றார், கேளாததைக் கூறவில்லை. பழைய நோயின் பெயரைச் சொல்வதில் நம்மவருக்கு ஒரு கூச்சம் உண்டு. பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக்கு இடையூறாகும் என்று மறைத்த நோய், பல்வைத்தியரிடத்தும் மறைந்தே நிற்கின்றது. பத்து நிமிடத்திற் பல் வெளியே வந்துவிடுகின்றது.

ஆகவே கதிர் பெற்றவர் எவரும் தம் சிகிச்சைத் தாளின் பிரதியொன்றை அடையாள அட்டையோடு வைத்திருத்தல் வேண்டும். எந்த ஆண்டு, எந்த இடத்துக்கு, எத்தனை கிரே என்னும் மூன்றும் அதில் இருந்தாற் போதும். தாள் தொலைந்தவர் சிகிச்சை பெற்ற வைத்தியசாலையிற் கேட்டுப் பார்க்கலாம். அத்தாளைக் கண்ட பல்வைத்தியர் குறட்டைக் கையில் எடுக்குமுன் வேறு வழி தேடுவார். பல்லின் நரம்பை அகற்றி வேரை அடைத்து, மேற்பாகத்தை முரசு மட்டத்துக்கு வெட்டிவிட்டு, வேரைத் தாடையிலேயே விட்டுவைக்கலாம். பார்வைக்கு அழகில்லை, ஆனால் என்பிற் புண்ணும் இல்லை. பிடுங்கியே தீரவேண்டுமாயின், ஒரேநாளிற் பலவற்றை எடாமல் ஓரிரு பல்லாக, முன்னும் பின்னும் கிருமிக்கொல்லி கொடுத்து, முரசை இழுத்துத் தைத்து, குழி மூடும்வரை கிழமைதோறும் பார்ப்பர். இது ஊர்ச் சிகிச்சை நிலையத்தில் அவசரத்திற் செய்யும் வேலையன்று. தாடை அறுவை வைத்தியர் உள்ள பெரிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் பல்வைத்திய பீடத்து வைத்தியசாலைக்கோ அனுப்பிச் செய்விப்பதே முறை. அங்கே போய்வரும் ஒருநாட் பிரயாணத்துக்கு அலுத்து, “பக்கத்திலேயே பிடுங்கிவிடுங்கள்” என்று வற்புறுத்தும் பிள்ளைகள் அத்தாளை ஒருமுறை தாமே வாசித்துப் பார்க்கட்டும்.